பேர் கூப்பிட்டும் திரும்பாத பிள்ளை: ஆட்கடத்தலில மாட்டின நோயாளியளைப் பற்றி ஆஸ்பத்திரியில வேலை செய்யிற ஆக்கள் உங்கட அனுபவத்தையும் எழுதுங்கோ

ஓ.பி.டி. தாதி, ஏ-9 ஓரம்:
பரந்தன் பக்கமிருந்து ஒரு ஆள் ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தவர். துண்டில இருந்த பேரை மூண்டு தரம் கூப்பிட்டன், பிள்ளை திரும்பவே இல்லை. அவர் முழங்கையால இடிச்ச பிறகுதான் எழும்பிச்சு. காது கேக்காதாக்கும் எண்டு நினைச்சன். பிறகு உள்ளுக்கு ஒரு ட்ரே விழுந்தது. முதல் திரும்பினது அவள்தான்.

துண்டில வயசு 19. மணிக்கட்டு வீங்கியிருந்தது. கிணத்தடியில வழுக்கினதாம். எங்க நோகுது எண்டதுக்கும் 'மாமா' எண்டு சொல்லிக்கொண்டு கூட வந்த அந்த ஆள்தான் மறுமொழி சொன்னார். முழங்கைக்கு மேல ஒரே அளவில மூண்டு பழைய சூட்டுத் தழும்பு. சோத்துப் பானை சுட்டதாம். பானை அளவெடுத்துச் சுடுமோ?

எக்ஸ்ரே றூமுக்குள்ள கூட வந்த ஆக்களை விடுறேல்ல. அந்தக் கதவு சாத்தின அஞ்சு நிமிசம்தான் எனக்குக் கிடைச்சது. "அடிக்கிறவையோ?" எண்டு கேக்கேல்ல. கேட்டா இல்லை எண்டுதான் வரும். "இரவில எங்க படுக்கிறனீங்கள்? வெளியால போறதெண்டா ஆரிட்டக் கேக்கோணும்? அம்மாவோட கடைசியா எப்ப கதைச்சனீங்கள்?" எண்டு கேட்டன். அம்மா எண்ட சொல்லுக்குத்தான் அழுதது. வயசு 14. ஹற்றன் பக்கத் தோட்டமொண்டில இருந்து வீட்டு வேலைக்கெண்டு கொண்டுவந்தவையாம். துண்டில இருந்த பேர் அவளின்ரயே இல்லை.

டொக்டர் "ரெண்டு நாள் வைச்சுப் பாக்கோணும்" எண்டு வாட்டில விட்டார். சட்ட வைத்திய அதிகாரிக்கும் சிறுவர் உதவி நம்பர் 1929க்கும் அறிவிச்சம். சாப்பாடு வாங்கப் போன மாமா போனவர்தான்.

குடும்பநல உத்தியோகத்தர், முல்லைத்தீவு மாவட்டம்:
எனக்கு வாறது வேற மாதிரி. வெளிநாடு போட்டு வந்த அக்காமார். நித்திரை இல்லை, நாரி நோகுது, சலக்கடுப்பு எண்டுதான் கதை தொடங்கும். விசிற் விசாவில போய், பாஸ்போர்ட்டைப் பறிகுடுத்து, சம்பளமில்லாம எட்டு மாசம் இருந்த ஒராள் என்னட்டச் சொன்னா: "நான் விரும்பித்தானே தங்கச்சி போனனான், ஆரைக் குறை சொல்ல?" நுண்கடன்காரன் வாசலில நிக்க, புருசன் 2009இல இல்லாமப் போக, அந்த விருப்பம் எங்கயிருந்து வந்ததெண்டு எனக்குத் தெரியும். அதை விடுங்கோ. சட்டப்படியே, ஏமாத்தி வாங்கின சம்மதம் சம்மதமில்லை. தண்டனைச் சட்டக் கோவையில ஆட்கடத்தலுக்கான 360சி பிரிவு 2006இல சேர்த்தது. 18 வயசுக்குக் கீழ எண்டா சம்மதத்தைப் பற்றின பேச்சே இல்லை.

உதவி நம்பரைக் கிளினிக் காட்டில எழுதிக் குடுக்காதேங்கோ. காட்டை வீட்டில ஆரும் பாப்பினம். பெண்கள் உதவிக்கான 1938 நாலு இலக்கம்தான், வாயால சொல்லி மனசில பதிய வைக்கலாம்.

வாட் தாதி:
நான் விட்ட பிழையைச் சொல்லுறன். அப்ப எங்கட டொக்டருக்குத் தமிழ் ஓடாது. எனக்கு வேலை தலைக்கு மேல. கூட வந்த பொம்பிளையே மொழிபெயர்க்கட்டும் எண்டு விட்டிட்டன். நோயாளி நீட்டி நீட்டிச் சொல்ல, அவ சிங்களத்தில ரெண்டே சொல்லில முடிச்சா. எனக்கு ரெண்டு மொழியும் விளங்கினது. ஆனா வாய் திறக்கேல்ல. மருந்தை வாங்கிக்கொண்டு போச்சினம். அந்த முகம் இப்பவும் வரும்.

மருத்துவர், வவுனியா:
ஆண்களை மறந்துவிடாதீர்கள். கணினி வேலை என்று தாய்லாந்துக்குப் போய், மியன்மாரில் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்ட இலங்கைப் பொடியன்கள் மீட்கப்பட்ட செய்திகள் வந்தன அல்லவா? அப்படித் திரும்பிய ஒருவன் என்னிடம் வந்தது தலையிடி என்று. சட்டையைக் கழற்றச் சொன்ன பிறகுதான் முதுகைக் கண்டேன். பொலிசுக்குப் போக மாட்டேன் என்றான். வளர்ந்தவன், முடிவு அவனுடையது. காயங்களை அளந்து, அவன் சொன்னதை அவன் சொல்லிலேயே எழுதி வைத்தேன். வன்முறைக்கு ஆளானவர்களுக்கு ஆஸ்பத்திரியில் உதவும் நட்பு நிலையம் பெண்களுக்கு மட்டுமில்லை என்றும் சொன்னேன். மூன்றாம் கிளினிக்கில்தான் ஏஜென்டின் பெயரைச் சொன்னான்.

வெளிநாட்டு வீட்டு வேலையில இருந்து திரும்பி வந்த ஒருத்தி:
நான் ஆஸ்பத்திரி ஆளில்லை, வாசிச்சிட்டு எழுதுறன். அங்க மேடம் என்னை ரெண்டு தரம் கிளினிக்குக்குக் கொண்டுபோனவ. ரெண்டு தரமும் பக்கத்திலயே நிண்டவ. பல்லுடைஞ்சதைப் பாத்த நேர்ஸ் என்ர கையைக் கொஞ்ச நேரம் பிடிச்சிருந்தா. பாஷை தெரியாது. மேடத்தை ஒரு நிமிசம் வெளியால நிக்கச் சொல்லியிருந்தா, நான் சைகையிலயாவது சொல்லியிருப்பன்.

குடும்பநல உத்தியோகத்தர்:
அந்தப் பிள்ளை இப்ப எங்க, மிஸ்ஸி?

ஓ.பி.டி. தாதி:
நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புப் பிரிவு பொறுப்பெடுத்தது. பி.எச்.ரி. எண்ட வாட் நோயாளிப் பதிவில இருந்த பேரைக் கோடு போட்டு வெட்டி, பிள்ளை சொன்ன பேரை எழுதிக் கையெழுத்து வைச்சம். அதுக்கு மேல இதில எழுதேலாது. ஊர் சின்னன்.