ஆச்சியோட தூக்க மாத்திரை: எங்க குடும்ப குரூப்ல இன்னைக்கு காலைல

முரளி மாமா 7:12
அம்மாவோட தூக்க மாத்திரைய முந்தாநாள்ல இருந்து நிப்பாட்டியாச்சு. ஞாபக மறதி வரும்னு ஒரு வீடியோ வந்துச்சு, பாத்ததும் பயமாயிடுச்சு, மிச்சம் இருந்த அட்டைய தூக்கிப் போட்டுட்டேன்

சாந்தி சித்தி 7:15
நல்லதுண்ணே. அஞ்சு வருஷமா போட்டுக்கிட்டு இருக்காங்க

முரளி மாமா 7:16
ஆனா ரெண்டு ராத்திரியா பொட்டுத் தூக்கம் இல்ல. கை வேற நடுங்குது, காபி டம்ளரே பிடிக்க முடியல. வயசாகுதுல்ல

கீதா 7:21
மாமா இது வயசு இல்ல!! அல்பிரசோலம் தானே அது? எத்தன எம்ஜி

முரளி மாமா 7:22
0.5. ராத்திரி ஒண்ணு

கீதா 7:23
இப்பவே டாக்டருக்கு போன் போடுங்க. இத்தன வருஷம் போட்டத ஒரே நாள்ல நிப்பாட்டக்கூடாது, வலிப்பு வரைக்கும் போகும். கை கால் வெட்டி இழுத்தாலோ பேச்சு குழறினாலோ போன்ல நேரத்த கடத்தாம 108 கூப்பிடுங்க

முரளி மாமா 7:24
ஐயோ. போடறேன்

சாந்தி சித்தி 7:26
தூக்க மாத்திரைய நிப்பாட்டினா எப்படி கீதா வலிப்பு வரும்?

கீதா 7:34
சித்தி மூளைல காபான்னு ஒரு கெமிக்கல் இருக்கு, ஒரு செல் பக்கத்து செல்ல அடக்கி வைக்கிறது அது மூலமாதான். காபா போய் ஒட்டினா அந்த செல்லோட சுவர்ல ஒரு வாசல் திறக்கும், குளோரைடு உள்ள போகும், அது நெகட்டிவ் சார்ஜ், அதனால அந்த செல் லேசுல சிக்னல் அனுப்பாது. அல்பிரசோலம் அந்த வாசல தானா திறக்காது, காபா வந்து தட்டும்போது வாசல் இன்னும் அடிக்கடி திறக்கற மாதிரி பண்ணும், அதான் பதட்டம் அடங்கி தூக்கம் வருது. ஆனா வருஷக்கணக்கா போட்டா மூளை அதுக்கு ஏத்த மாதிரி மாறிடும், அந்த வாசல் காபாவுக்கு முன்ன மாதிரி மசியாது. அந்த நிலைல மாத்திரைய பிடுங்கிட்டா அடக்க ஆள் இல்லாம எல்லா செல்லும் ஒண்ணா கெளம்பும். நடுக்கம், வேர்வை, தூக்கமில்லாம போறது, முத்தினா வலிப்பு, எல்லாம் இதுதான்

கார்த்தி 7:37
அக்கா ஆன்லைன்ல காபா கேப்சூலே விக்கிறாங்களே அத வாங்கி குடுக்கலாமா

கீதா 7:39
வேண்டாம்டா. வாயில போட்ட காபா ரத்தத்துல இருந்து மூளைக்குள்ள சரியா நுழையாது, ஆச்சிக்கு ஆகறது எதையும் அது நிறுத்தாது

கீதா 7:41
அல்பிரசோலம் சேந்த பென்சோடயசெபின் வகை மாத்திரை 1960லயே கடைக்கு வந்துடுச்சு, மூளைல எங்க போய் ஒட்டுதுன்னு 1977லதான் கண்டுபிடிச்சாங்க. அதுக்குள்ள எத்தன பேரு வருஷக்கணக்கா முழுங்கியிருப்பாங்கன்னு நெனச்சா எனக்கு மனசு ஆறாது

ராமு சித்தப்பா 7:48
அம்மா கீதா, எனக்கும் இதே மாத்திரை எழுதியிருக்காங்க. ஞாயித்துக்கிழம ரெண்டு பெக் போட்டுட்டு அதையும் போட்டு படுப்பேன், தப்பா?

கீதா 7:50
சித்தப்பா ரொம்ப தப்பு. சரக்கும் அதே காபா வாசல்லதான் வேலை செய்யும், ரெண்டும் சேந்தா தூக்கத்துலயே மூச்சு கொறஞ்சு போயிடும். உங்க மேல உள்ள அக்கறைல சொல்றேன் கோச்சுக்காதீங்க. அதுக்காக நீங்களும் மாத்திரைய தூக்கிப் போட்டுடாதீங்க, குடிக்கிறத மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க

ராமு சித்தப்பா 7:52
சரிம்மா. நாளைக்கே போறேன்

முரளி மாமா 8:20
டாக்டர் பேசினாரு. பழைய டோஸ உடனே ஆரம்பிக்க சொல்லிட்டாரு, இன்னைக்கே கூட்டிட்டு வர சொல்றாரு. அப்புறம் வாரக்கணக்குல கொஞ்சங்கொஞ்சமா கொறைக்கலாமாம்

கீதா 8:22
அப்பாடா. மாமா கொறைக்கணும்னு நீங்க நெனச்சதுல தப்பே இல்ல, வயசானவங்களுக்கு இதனால தள்ளாட்டம் வரும், ராத்திரி பாத்ரூம் போறப்ப விழுந்து இடுப்பெலும்பு உடையும், ஞாபகமும் மந்தமாகும். ஹால்ல ஒரு நைட் லேம்ப் போட்டு வைங்க. மெடிக்கலுக்கு சீட்டு கொண்டு போங்க, எச்1 மருந்து அது, அதாவது சீட்டு இல்லாம விக்கக்கூடாத லிஸ்ட்ல இருக்கு, மெடிக்கல்ல இருக்கற நாங்க ரிஜிஸ்டர்ல எழுதிட்டுதான் குடுக்கணும்

முரளி மாமா 8:24
சரிம்மா, சீட்டு எடுத்துட்டேன், கெளம்பறேன்

கீதா 8:25
ஆச்சிக்கிட்ட போன குடுங்க மாமா, ஒரு நிமிஷம் பேசிக்கிறேன்