பட்ட மரப் பொந்துக்குள் ஐந்து உயிர்கள்

ஜிப்ஸ்லாந்து, விக்டோரியா

வேலியோரம் பட்டுப்போய் நின்ற யூகலிப்டஸை, இங்கே ஆஸ்திரேலியாவில் குளிர்காலமான ஜூலையில் ஆள் வைத்து அறுத்தோம். விழுந்த கிளையின் பொந்திலிருந்து காய்ந்த இலைகளோடு சாம்பல் நிறப் பந்து ஒன்று உருண்டு வந்தது. குனிந்து பார்த்தால், ஒன்றையொன்று கட்டிக்கொண்டு ஐந்து சுகர் கிளைடர்கள் (மரம் விட்டு மரம் சறுக்கிப் போகும், வயிற்றில் பையுள்ள சின்ன விலங்குகள்). தொட்டால் சில்லென்று இருந்தன. அசைவே இல்லை. கொன்றுவிட்டோம் என்று என் மனைவி அழுதேவிட்டாள்.

சாகவில்லை. கடுங்குளிரிலும் இரை கிடைக்காத நாளிலும் உடல் சூட்டைக் குறைத்துக்கொண்டு மணிக்கணக்கில் மரத்துக் கிடப்பது இவற்றின் வழக்கமாம். வனவிலங்கு மீட்புக்கு வந்த பெண்மணி சொன்னார். துணி விரித்த அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்தோம். முதலில் ஒன்றின் மீசை நடுங்கியது. பிறகு உடம்பெல்லாம் நடுங்கி, கண் திறந்தது. அந்தச் சின்ன முகத்தில் கண்தான் பாதி! ஆணின் உச்சந்தலையில் மயிரில்லாத ஒரு வட்டம் இருந்தது. அங்கே சுரக்கும் வாடையைக் கூட்டத்தார் எல்லோர் மேலும் தேய்த்துவிடும். அந்த வாடை இல்லாதவன் அந்நியன்.

மறுநாள் அந்தியில் பக்கத்து மரத்திலேயே விட்டோம். ஆனால் அப்படியொரு பொந்து விழ மரத்துக்கு நூறு வயதாவது ஆக வேண்டும். அதை அரை மணியில் அறுத்தது இன்னும் உறுத்துகிறது.

பிரிஸ்பேன்

அண்ணா, எங்கள் தெருமுனை வாட்டில் மரத்தில் (கொடைக்கானலில் சீகை என்பார்களே, அந்த வகை) இரவில் நாய்க்குட்டி குரைப்பது போலச் சத்தம் கேட்கும். சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சோடு போனேன். ஒரு சுகர் கிளைடர் பட்டையைக் கீழ்ப்பல்லால் கீறி, கசியும் பிசினை நக்கிக்கொண்டிருந்தது. திடீரென்று தாவியது. முன்கைச் சுண்டுவிரலிலிருந்து பின்கால் வரை தோல் விரிந்து, சதுரக் கைக்குட்டை போல மிதந்து, எதிர்மரத்தில் பொத்தென்று ஒட்டியது. ஐம்பது மீட்டர் வரைகூடச் சறுக்குமாம். பார்வைக்கு நம் பறக்கும் அணில்தான், உறவு கங்காருவோடு. பதினாறே நாள் கர்ப்பம், அரிசியளவு குட்டி, பிறகு இரண்டு மாதத்துக்கு மேல் தாயின் பையில்.

பென்டிகோ

பண்ணை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வேலியின் மேல்வரிசையிலாவது முள்கம்பி வேண்டாம், சாதாரணக் கம்பி போடுங்கள். இருட்டில் கிளைடர்கள் சறுக்கி வரும்போது அந்தத் தோல்தான் முள்ளில் மாட்டுகிறது. விடியலில் ஒன்றைக் கழற்றி எடுத்தேன். பிழைக்கவில்லை.

ஜிப்ஸ்லாந்து, விக்டோரியா

எங்கள் வேலியில் முள்ளை எடுத்துவிடுகிறேன், தம்பி. பலகையில் கூடு செய்து நான்கு மீட்டர் உயரத்தில் கட்டியிருக்கிறோம். நேற்று இரவு ஒன்று வாலில் இலைகளைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தது.