பிரிட்ஜ் தப்பான இடத்தில் இருந்தால் கம்பி மேலா பழி?

ஆறாங்கம்பி:
"ஆர்டர் கொடுத்துச் செய்த கிடாரில் குறை சொல்பவர்களுக்குத் தங்களுக்கு என்ன வேண்டும் என்றே தெரியாது. சுருதி சேரவில்லை என்றால் கையையும் கம்பியையும் பாருங்கள், செய்தவரைக் குறை சொல்லாதீர்கள்" என்று கிடார் செய்கிற உளிச்சத்தம் இங்கே எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அவருக்காகவே இதை எழுதுகிறேன்.

எனக்கு என்ன வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும், ஒரு எலக்ட்ரிக் கிடாருக்கு எழுதியே கொடுத்தேன். மகோகனி பாடி, மேப்பிள் மேல்பலகை, ஒட்டு நெக், 22 ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்), இரண்டு ஹம்பக்கர் பிக்கப், டியூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜ் (இரண்டு தூண்கள் மேல் நின்று, நகர்த்தக்கூடிய சாடில் என்ற சிறு துண்டுகளில் கம்பிகளைத் தாங்குவது), கம்பி 10-46 (மெல்லிய, தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). ஸ்கேல் நீளம், அதாவது தலைப் பக்கம் கம்பிகள் அமரும் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பி ஆடும் நீளம், 25.5 அங்குலம், அதாவது 648 மில்லிமீட்டர். செய்தவர் எல்லாவற்றுக்கும் சரி என்று கையெழுத்துப் போட்டார், முன்பணம் வாங்கினார். சொன்ன தேதி தள்ளிக்கொண்டே போனது. கை வேலை, பொறுக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

வந்த கிடார் பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. டியூனரில் போட்டேன். ஆறாவது கம்பியில் 12ஆம் ஃப்ரெட்டின் ஹார்மோனிக் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலி) சரியாக ஈ. அதே ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டினாலும் அதே ஈ வர வேண்டும், ஆனால் 12 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) மேலே நிற்கிறது. சாடிலைப் பின்னால் நகர்த்தலாம் என்று பார்த்தால், அது ஏற்கெனவே பிரிட்ஜின் பின்சுவரில் முட்டிக்கொண்டிருக்கிறது. ஐந்தாவது கம்பியும் அப்படியே. நகர்த்த இடமே இல்லை. 11-49 போட்டும் பார்த்தேன், மாற்றமில்லை.

648 மில்லிமீட்டர் கம்பியில் 12 சென்ட் இறங்க வேண்டுமானால் சாடில் கிட்டத்தட்ட நான்கரை மில்லிமீட்டர் பின்னால் போக வேண்டும். அந்த நான்கரை மில்லிமீட்டர் என் விரல் செய்த வேலையா? செய்தவரிடம் கேட்டதற்கு, "மெதுவாக அழுத்திப் பழகுங்கள்" என்று ஒரு வரிப் பதில். அப்புறம் பேச்சே இல்லை. இதில் எனக்கு என்ன தெரியவில்லை என்று உளிச்சத்தம் சொல்லட்டும்.

உளிச்சத்தம்:
நீங்களே எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள்: 11-49 போட்டேன் என்று. ஒப்பந்தத்தில் இருந்தது 10-46. கம்பி கனமானால் சாடில் பின்னால் போகத்தான் வேண்டும், இது பாலபாடம். 10-க்குச் செய்த கிடாரில் 11 மாட்டிவிட்டு இடம் போதவில்லை என்றால் செய்தவர் என்ன பண்ணுவார்?

இருபது வயதிலிருந்து மரத்தோடு வாழ்கிறேன். இப்படி வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. நட் பள்ளம் எவ்வளவு உயரம் என்று தெரியாது, நெக்கின் வளைவைப் பார்க்கத் தெரியாது, அந்த வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடைத் தொட்டதே இல்லை. டியூனரில் ஒரு முள் நகர்ந்தவுடன் ஊருக்கெல்லாம் சொல்லக் கிளம்பிவிடுவார்கள். 12ஆம் ஃப்ரெட்டில் கம்பி உயரம் என்ன? உயரமாக இருந்தால் அழுத்தும்போது கம்பி இழுபட்டு சுருதி ஏறும். அதை அளந்தீர்களா?

ஆறாங்கம்பி:
அளந்தேன். ஆறாவது கம்பி 12ஆம் ஃப்ரெட்டில் 1.8 மில்லிமீட்டர். நெக் வளைவு ஏழாம் ஃப்ரெட்டுக்குப் பக்கத்தில் 0.25 மில்லிமீட்டர். இரண்டும் எலக்ட்ரிக் கிடாருக்குச் சரியான அளவு என்று உங்களுக்கே தெரியும். ட்ரஸ் ராடைத் தொட்டவன்தான் நான், நன்றி.

கம்பி விஷயத்துக்கு வருகிறேன். நான் எழுதியதைப் பாதி படித்துவிட்டுப் பதில் சொல்லாதீர்கள். அவர் மாட்டி அனுப்பிய 10-46 கம்பியில்தான் முதலில் 12 சென்ட் காட்டியது. 11 போட்டது அதற்குப் பிறகு. கம்பி கனமானால் சாடில் பின்னால் போகும் என்பது உண்மை. எவ்வளவு போகும் என்பதுதான் கேள்வி. 10-லிருந்து 11-க்கு மாறினால் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. எனக்குக் குறைவது நான்கரை.

மரவாசம்:
நான் வேறு ஒன்று கேட்கிறேன். மேப்பிள் மேல்பலகை எவ்வளவு தடிமன்? மரம் சரியாக உலராமல் இருந்திருந்தால் ஒட்டு நெக் பிறகு நகரும். ஈரப்பதம் 6-லிருந்து 8 சதவீதம் வரை இறங்கிய மரத்தில்தான் வாத்தியம் செய்ய வேண்டும். அவசரத்தில் பச்சை மரத்தை எடுத்திருப்பார். மரம் சரியில்லை என்றால் நாதமும் சரியிருக்காது, சுருதியும் நிற்காது. மகோகனியின் அந்த நடுத்தொனி வந்ததா என்று சொல்லுங்கள்.

ஒற்றைச்சுருள்:
தொடங்கிவிட்டார் மரவாசம். எலக்ட்ரிக் கிடாரில் பிக்கப் கேட்பது இரும்புக் கம்பியின் அசைவை. காந்தப் புலத்தில் கம்பி ஆடுகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது, அவ்வளவுதான். மகோகனிக்கு அங்கே காது கிடையாது. பிக்கப் எங்கே இருக்கிறது, சுருளில் எவ்வளவு சுற்று, ஒலிக் குமிழுக்கு அடியிலுள்ள பாட் 250 கிலோஓமா 500 கிலோஓமா, இவைதான் ஒலியை மாற்றும். மரத்துக்குக் கொடுக்கும் பணத்தை நல்ல பிக்கப்புக்குக் கொடுங்கள் என்று எத்தனை தடவை சொல்வது?

மரவாசம்:
அந்தக் கம்பி எதன் மேல் கட்டப்பட்டிருக்கிறது? காற்றின் மேலா? பிரிட்ஜும் நட்டும் அசைவை விழுங்கினால் கம்பியின் ஆட்டமே மாறும். இதைப் போன தடவையும் சொன்னேன், பதில் சொல்லாமல் ஓடினீர்கள்.

உளிச்சத்தம்:
மரச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். ஆறாங்கம்பி, 10-46 கம்பியோடு 12 சென்ட் காட்டியது என்கிறீர்கள். படம் இருக்கிறதா? இங்கே நீங்கள் போட்ட படத்தில் இருப்பது 11-49. அதை வைத்து ஒருவர் உழைப்பைக் குறை சொல்வது நியாயமில்லை. 10-46 மாட்டி எடுத்த படத்தைக் காட்டுங்கள், பேசுவோம்.

இன்னொன்று. டியூன்-ஓ-மேட்டிக் சாடிலைத் திருப்பிப் போடலாம் என்று தெரியுமா? சாய்வான பக்கம் முன்னால் வந்தால் கம்பி அமரும் விளிம்பு பின்னால் போகும். திருகாணியைக் கழற்றி மாற்றிப் போட்டால் முடிந்தது. அதைக்கூடச் செய்து பார்க்காமல் குறை சொல்ல வந்துவிட்டீர்கள்.

மேடைப்பின்னணி:
எல்லாரும் கொஞ்சம் பொறுமையாக இருக்கலாமே. கையால் செய்த கிடார் என்றால் சின்னக் குறைகள் இருக்கும், அதுதான் அதன் குணம். ப்ரையன் மே தன் அப்பாவோடு சேர்ந்து 1963-ல் தொடங்கி ரெட் ஸ்பெஷல் கிடாரை வீட்டிலேயே செய்தார். நெக் மரம் பழைய கணப்படுப்புச் சட்டத்திலிருந்து எடுத்தது. அதை வைத்துக்கொண்டுதான் குவீன் குழுவில் இத்தனை ஆண்டுகள் வாசிக்கிறார். மனம் இருந்தால் எந்தக் கிடாரும் பாடும்.

உளிச்சத்தம்:
இதுதான் சரியான பேச்சு. வாசிக்கத் தெரிந்தவர் குறை தேடமாட்டார்.

ஆறாங்கம்பி:
மேடைப்பின்னணி, அந்த உதாரணம் எனக்குத்தான் சாதகம். ப்ரையன் மே அதைத் தனக்காகச் செய்தார், யாரிடமும் முன்பணம் வாங்கவில்லை. இரண்டு வருடம் உட்கார்ந்து செய்தார். பிரிட்ஜின் உருளும் சாடில்களைக்கூட அவரே செய்தார். 24 அங்குல ஸ்கேலுக்கு ஏற்றபடி எல்லாவற்றையும் அளந்து செய்ததால்தான் அது சுருதியில் நிற்கிறது. "சின்னக் குறை குணம்" என்று நினைத்து பிரிட்ஜை எங்கேயோ பதித்திருந்தால் அந்தக் கிடாரின் பெயரே நமக்குத் தெரிந்திருக்காது.

உளிச்சத்தம், சாடிலைத் திருப்பிப் போட்டேன். அதில் கிடைத்தது ஒன்றரை மில்லிமீட்டர். நான்கரையில் ஒன்றரை போனால் மீதி மூன்று. அந்த மூன்றுக்கு என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

இப்போது முக்கியமானதைச் சொல்கிறேன். நட்டிலிருந்து 12ஆம் ஃப்ரெட் வரை அளந்தேன், 324 மில்லிமீட்டர், துல்லியமாக இருக்கிறது. ஃப்ரெட் வேலையில் ஒரு தப்பும் இல்லை. நட்டிலிருந்து பிரிட்ஜ் தூண் மையம் வரை அளந்தேன். 644. இரண்டு பக்கமும் 644. ஸ்கேல் கோட்டுக்கே நான்கு மில்லிமீட்டர் முன்னால், சாய்வும் இல்லை. தடித்த கம்பிப் பக்கத் தூண் கொஞ்சம் பின்தள்ளி இருக்க வேண்டும் என்பது இந்த பிரிட்ஜைப் பொருத்துகிற எல்லாருக்கும் தெரியும். என்ன நடந்திருக்கும் என்பதும் புரிகிறது. பாடியில் முதலிலேயே டெம்ப்ளேட் வைத்துத் தூண் ஓட்டை போட்டுவிட்டு, பிறகு நெக்கை ஒட்டியிருக்கிறார். நெக் கொஞ்சம் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. நெக்கை ஒட்டிக் காய்ந்த பிறகு நட்டிலிருந்து அளந்து அப்புறம்தான் தூண் ஓட்டை போட வேண்டும். நீங்களும் கிடார் செய்கிறவர்தானே, எந்த வரிசையில் செய்வீர்கள்? அதைச் சொல்லுங்கள்.

உளிச்சத்தம்:
என் பட்டறையில் நான் எப்படிச் செய்கிறேன் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. வெளிப்படையாக ஒரு படம் கேட்டேன், அதற்குப் பதில் இல்லை. 10-46 கம்பியோடு படம் எங்கே?

நைட்ரோ வார்னிஷ் விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் அளவுகளாக அடுக்கினீர்கள்.

ஆறாங்கம்பி:
அந்த விவாதத்தை நீங்களே எடுத்ததால் சொல்கிறேன். ரப்பர் வைத்த ஸ்டாண்டில் நைட்ரோ பூச்சுள்ள கிடாரை விட்டால் ரப்பர் பூச்சைத் தின்றுவிடும் என்று நான் சொன்னேன். "அதெல்லாம் கட்டுக்கதை" என்றீர்கள். உங்கள் பேச்சைக் கேட்டு ஒருவர் கிடாரை அப்படியே வைத்து, நெக்கின் பின்னால் பிசுபிசுப்பாகத் தழும்பு விழுந்தது. அவரிடம் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னீர்களா?

உளிச்சத்தம்:
மட்டமான ரப்பர் வாங்கினால் நானா பொறுப்பு?

மரவாசம்:
ஃப்ரெட்போர்டு என்ன மரம் என்று யாரும் கேட்கவில்லை. ஆறாங்கம்பி, ரோஸ்வுட் கேட்டீர்களா? வந்தது என்ன?

ஆறாங்கம்பி:
இந்திய ரோஸ்வுட் கேட்டேன். வந்தது ரோஸ்வுட் மாதிரியே நிறம் ஏற்றிய வேறு ஏதோ மரம். கேட்டதற்கு, "ரோஸ்வுட்டுக்குத் தடை" என்றார். நான் இங்கே பேச வந்தது அதைப் பற்றி இல்லை, பிரிட்ஜைப் பற்றி.

உளிச்சத்தம்:
தடை இருப்பது உண்மைதானே. அருகும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தில் ரோஸ்வுட் மொத்தமும் வந்துவிட்டது. இதிலும் அவர் மேல் தப்பில்லை.

மரவாசம்:
தப்பாகச் சொல்கிறீர்கள். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் முதலாம் பட்டியலில் இருக்கிறது, அதற்குத்தான் அந்தக் கடுமை. ரோஸ்வுட் இனமான மற்ற டால்பெர்ஜியா மரங்கள் 2017 ஜனவரியில் இரண்டாம் பட்டியலில் வந்தன. அதுகூடத் தடை இல்லை, அனுமதிச் சீட்டு வேண்டும் என்பதுதான். 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக் கருவிகளுக்கு அதிலும் விலக்கு வந்துவிட்டது. தடை என்று சொல்லி வேறு மரத்தைத் தலையில் கட்டுவது ஏமாற்று வேலை. மரத்தோடு வாழ்கிறேன் என்கிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஒற்றைச்சுருள்:
ஃப்ரெட்போர்டு ரோஸ்வுட்டாக இருந்தாலும் ரப்பர் மரமாக இருந்தாலும் கம்பி தொடுவது ஃப்ரெட் உலோகத்தைத்தான். ஒலியில் ஒரு மாற்றமும் வராது.

மரவாசம்:
கேட்டது ஒன்று, கொடுத்தது ஒன்று என்பதுதான் இங்கே விஷயம். அதிலும் உங்கள் பிக்கப் கதையைக் கொண்டுவர வேண்டுமா?

மேடைப்பின்னணி:
பிரிட்ஜ் தூண் ஓட்டையை மரக்கட்டை வைத்து அடைத்துவிட்டுப் பின்னால் புதிதாகத் துளைக்கலாமே. நல்ல ரிப்பேர்க்காரர் செய்துவிடுவார். இதற்கு ஏன் இவ்வளவு கோபம்?

ஆறாங்கம்பி:
ஏன் கோபமா? செய்யலாம், எனக்கும் தெரியும். அடைத்த கட்டை மேப்பிள் மேல்பலகையின் நடுவில் தெரியும். பூச்சை அந்த இடத்தில் சுரண்டி மறுபடி பூச வேண்டும், அந்த நிறம் பழையதோடு சேராது. ஆர்டர் கொடுத்து, காத்திருந்து, கேட்ட மரம் வராமலே வாங்கிய கிடாருக்கு முதல் நாளிலேயே அறுவைச் சிகிச்சையா? கடையில் தொங்கும் சாதாரணக் கிடாரில்கூட பிரிட்ஜ் அதன் இடத்தில் இருக்கிறது. அச்சு வைத்து இயந்திரம் செய்கிற வேலையை, கைவேலை என்று பெருமை பேசுகிறவர் அதைவிட ஒழுங்காகச் செய்ய வேண்டாமா? மரத்தின் ஓட்டம், பூச்சின் நிறம், பாடியின் வளைவு, இதிலெல்லாம் ரசனை இருக்கலாம், நான் அனுசரிப்பேன். ஸ்கேல் நீளத்தில் ரசனைக்கு இடமில்லை. அது கணக்கு.

உளிச்சத்தம்:
கணக்கு கணக்கு என்கிறீர்கள். என் கணக்கும் எளிதுதான். ஒப்பந்தம் 10-46. படத்தில் 11-49. இதற்கு மேல் நான் ஏன் பேச வேண்டும்?

ஆறாங்கம்பி:
கம்பியையே கழற்றிவிடுகிறேன், ஒரு கம்பியும் இல்லாமல் அளவுகோல் வைத்துப் படம் போடுகிறேன். அப்போதும் 644-தான் காட்டும். 644-க்கு ஒரு பதில் சொல்லுங்கள்.

உளிச்சத்தம்:
அளவுகோலை எங்கிருந்து வைத்தீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நட்டின் எந்த விளிம்பு? ஃப்ரெட்போர்டைத் தொடும் பக்கமா, தலைப் பக்கமா? நட்டே நான்கைந்து மில்லிமீட்டர் அகலம் இருக்கும். 10-46 மாட்டி, டியூனர் தெரிய, 12ஆம் ஃப்ரெட்டில் விரல் தெரிய ஒரு படம். முதலிலிருந்து அதைத்தான் கேட்கிறேன்.

ஆறாங்கம்பி:
ஃப்ரெட்போர்டைத் தொடும் விளிம்பிலிருந்து. அங்கிருந்து வைத்ததால்தான் 12ஆம் ஃப்ரெட் 324 வந்தது. தலைப் பக்கத்திலிருந்து வைத்திருந்தால் அதுவும் 328, 329 என்று காட்டியிருக்கும். மேலே எழுதியதைப் படித்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. நெக்கை முதலில் ஒட்டுவீர்களா, ஓட்டையை முதலில் போடுவீர்களா? இன்னும் சொல்லவில்லை.

உளிச்சத்தம்:
படம் வரட்டும்.

ஒற்றைச்சுருள்:
மரவாசம், பிரிட்ஜும் நட்டும் அசைவை விழுங்கும் என்றீர்களே, இரண்டும் உலோகமும் எலும்பும். மகோகனி எங்கே வந்தது அதில்?

மரவாசம்:
அந்தத் தூண்கள் எதில் பதிந்திருக்கின்றன? மறுபடியும் முதலிலிருந்து சொல்கிறேன், இந்தத் தடவையாவது முழுதாகப் படியுங்கள்.