பதில்: பதில்: மலேரியா ‘ரோசெட்டிங்’குக்குத் தமிழ்ல என்ன போடலாம்? (அவசரம்)

திருமங்கலம் டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நர்சிங் பிள்ளைகளுக்கு பிளட் குரூப்பும் ஒட்டுண்ணி நோயும்னு ஒரு பாடம் தமிழ்ல எழுதிக்கிட்டிருக்கேன், வெள்ளிக்கிழமை பிரிண்டுக்குப் போயிரும். ரத்த வகை, சிவப்பணு எல்லாம் ஸ்கூல் புத்தகத்துலயே இருக்கு, ரோசெட்டிங்லதான் மாட்டிக்கிட்டேன். ஃபால்சிபாரம்ங்கிற வகை மலேரியாவுல கிருமி புகுந்த சிவப்பணு, சிவனேன்னு போற நல்ல சிவப்பணு ரெண்டு மூணைப் பிடிச்சு தன்னைச் சுத்தி ஒட்ட வச்சுக்குது, மைக்ராஸ்கோப்புல பூ மாதிரி தெரியும், அதான் அந்தப் பேரு. நுண் ரத்தக்குழாய் அடைபடுறதுக்கு இதுவும் ஒரு காரணம். ஏ, பி குரூப்புல இந்த ஒட்டு வலுவா இருக்கும், ஓ-வுல லேசாத்தான். நான் ‘இதழடுக்கு’ன்னு போட்டு, ‘ஓ வகைக்கு நோய்த்தடை’ன்னு தலைப்பும் குடுத்துட்டேன். பாத்துச் சொல்லுங்க.

லேப் தம்பி:

அக்கா, அடுக்குன்னு மட்டும் போட்றாதீங்க. ருலோன்னு ஒண்ணு இருக்கு, சிவப்பணு காசு அடுக்குன மாதிரி நிக்கும், அது வேற சமாச்சாரம். திரள், திரட்சியும் வேணாம், குரூப் பாக்க ஆன்டி-ஏ மருந்து சொட்டு விட்டா சிவப்பணு கட்டி கட்டியாச் சேருமே, அது.

மேலூர் புலவர் ஐயா:

அம்மா, கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலைவானேன்? பூங்கொத்துக்கு ‘இணர்’னு அருமையான சொல் இருக்கு, குறள் 650-லயே வருது. இணர், துணர், இணை, இணக்கம் எல்லாம் ஒரு வேர்னு நான் இருபது வருசமா சொல்றேன், யாரு கேக்குறா. ‘செவ்வணு இணர்வு’ன்னு வைங்க. அப்படியே ரத்தத்தையும் தூக்கிட்டு குருதின்னு போடுங்க. ‘குருவும் கெழுவும் நிறனாகும்மே’ன்னு தொல்காப்பியம் சொல்லுது, குருன்னா நிறம், அதுலருந்துதான் குருதி. மலேரியாவுக்கு முறைக்காய்ச்சல் இருக்கவே இருக்கு.

உசிலம்பட்டி அண்ணன்:

ஐயா, எங்க அப்பத்தா பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்ல, அதுவே மலேரியாக் காச்சல்னுதான் சொல்லும். வார்டுல நர்ஸ் போயி உங்களுக்கு முறைக்காய்ச்சல்னு சொன்னா எந்த முறைன்னு கேப்பாய்ங்க. நான் சொல்றது ‘மொய்ப்பு’. ஈ மொய்க்குது, கூட்டம் மொய்க்குதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்ச சொல்லு.

லேப் தம்பி:

மொய்ப்புன்னதும் கிளாஸ்ல எவனாச்சும் நோட்டும் பேனாவுமா மொய் எழுத உக்காந்துருவான்ணே 😀 அதை விடுங்க, மொய்க்கிறதுன்னா சுத்தி வர்றது தானா வருதுன்னு அர்த்தமாகுது. இங்க நடுவுல இருக்கறதுதான் இழுத்துப் புடிக்குது. ஒட்டுண்ணி செஞ்ச ரிஃபின் மாதிரி புரதம் அந்த அணுவோட மேல்தோல்ல வந்து நின்னுக்கிட்டு, பக்கத்து அணு மேல இருக்குற, ஏ குரூப்புக்கு அடையாளமான சர்க்கரையைப் பிடிச்சுக்குது. ஓ-வுல ஏ-யும் இல்ல பி-யும் இல்ல, அடியில உள்ள ஹெச்ங்கிற சர்க்கரை மட்டும்தான், அதான் பிடி நிக்கிறதில்ல. பூ மார்க்கெட்ல செண்டு கட்டுறதைப் பாத்தவுகளுக்கு ‘செண்டு’ன்னா டக்குனு புரிஞ்சிரும்.

அண்ணாநகர் டாக்டர்:

சொல்லு கிடக்கட்டும், டீச்சர் முதல்ல அந்தத் தலைப்பை மாத்துங்க. ஓ குரூப்புக்கும் மலேரியா வரும், கொசு குரூப் கேட்டுட்டுக் கடிக்கிறதில்ல. மூளை மலேரியா மாதிரி முத்திப் போறதுதான் அவங்களுக்குக் குறைவு, அதை ‘கடுமை குறைவு’ன்னு சொல்லுங்க. தடைங்கிற சொல்லை டஃபிங்கிற சிவப்பணுப் புரதத்துக்கு வச்சுக்கோங்க. சிவப்பணு மேல டஃபி இல்லாதவங்களுக்குள்ள வைவாக்ஸ்ங்கிற இன்னொரு மலேரியாக் கிருமி சுலபத்துல நுழையாது, 1976-லயே சொல்லிட்டாங்க. மேற்கு ஆப்பிரிக்காவுல அவங்கதான் ரொம்ப. ஆனா பின்னாடி அவங்கள்லயும் வைவாக்ஸ் வந்த கேஸ்கள் கிடைச்சிருக்கு, அதனால ‘நுழைவுத் தடை’, முழுத் தடைன்னு வேணாம். நம்ம ஊர்ல அநேகமா எல்லாருக்கும் டஃபி உண்டு, வைவாக்ஸும் தாராளமா வரும். கொக்கிப்புழுவை இந்தக் கணக்குல சேக்காதீங்க, அது கால் தோல் வழியாப் புகுந்து குடல்ல கடிச்சுத் தொங்குறது, ஓ குரூப்னு சொல்லிட்டு காட்டுக்குள்ள செருப்பில்லாம நடக்க முடியாது.

மேலூர் புலவர் ஐயா:

டாக்டர் சொன்ன கடுமை, தடை வேறுபாடு நியாயம். ஆனா தம்பி, செண்டுன்னா என்னன்னு தெரியுமா? உக்கிரபாண்டியன் மேருமலையை அடிச்ச ஆயுதம்யா அது, திருவிளையாடல்ல ஒரு படலமே இருக்கு. மதுரையில பொறந்துட்டு செண்டுன்னா பூங்கற. செண்டுக்குப் பந்துன்னும் பொருள் உண்டு. இணர்ல இந்தக் குழப்பமே கிடையாது.

உசிலம்பட்டி அண்ணன்:

குழப்பம் எங்கிட்டு இருந்து வரும், யாருக்குமே தெரியாத சொல்லுல? பிறபொருளெதிரியாக்கின்னு இலங்கையில ஆன்டிஜெனுக்கு வச்சிருக்காக, சுத்தத் தமிழ்தான், நம்ம பிள்ளைக சொல்லி முடிக்கிறதுக்குள்ள ட்ரிப்ஸ் எறங்கிரும். மொய்ப்பை விட்டுத் தாரேன், செண்டுக்கே என் ஓட்டு.

திருமங்கலம் டீச்சர்:

எல்லாருக்கும் நன்றிங்க. ‘செவ்வணுச் செண்டு’ன்னு போட்டு பக்கத்துலயே ரோசெட்டிங்னும் எழுதிட்டேன். டஃபிக்கு நுழைவுத் தடை, ஓ-வுக்கு கடுமை குறைவு, தலைப்பும் மாத்தியாச்சு. ரத்தம் ரத்தமாவே இருக்கட்டும் ஐயா, கோவிச்சுக்காதீங்க. ஃபைலை அனுப்பிட்டேன்.

மேலூர் புலவர் ஐயா:

என் மறுப்பு பதிவுல இருக்கட்டும். இன்னொண்ணு, ஒட்டுண்ணின்னு எல்லாரும் எழுதுறீகளே, உண்ணின்னா மாட்டு மேல ஒட்டிக்கிட்டிருக்குற பூச்சி. சிவப்பணுவுக்குள்ள புகுந்து உக்காந்துருக்கறது எங்க ஒட்டுச்சு? இதைத் தனியா ஒரு மடல்ல எழுதுறேன்.