பொங்கப்படியோட கொடுக்க ஓலைப்பெட்டி 25: ஓலை ஒடியுது, சாயம் இறங்குது, சுவர் ஏறல

தாழையூத்தான்:
தங்கச்சி வீடு, சித்தப்பா மக்க வீடு எல்லாத்துக்கும் பொங்கப்படி (பொங்கல் சீர்) கொண்டு போகையில, ஆளுக்கொரு சின்ன மூடிப்பெட்டியில கால் கிலோ சில்லுக்கருப்பட்டி வச்சுக் கொடுக்கணும். மொத்தம் 25 பெட்டி, பனை ஓலையில கையால முடைஞ்சது. தை பொறக்க ஒண்ணரை மாசம் இருக்கு. மூணு பெட்டி முடைஞ்சு பாத்தாச்சு, மூணும் மூணு கோளாறு.

மடிக்குத இடத்துல ஓலை ஒடியுது. ராத்திரி பூரா தண்ணியில ஊறப்போட்டா ஒடியல, ஆனா காஞ்சதும் கீத்துக்கு (கிழிச்ச ஓலைப் பட்டைக்கு) நடுவுல சந்து விழுது. ரோஸ் சாயம் பக்கத்து வெள்ளைக் கீத்துல இறங்கிட்டு. அடியை முடைஞ்சு நாலு ஓரத்தையும் மேல மடக்கினா, சுவர் நிக்காம தாம்பாளம் மாதிரி விரியுது. ஓலைக்கட்டு பிளாஸ்டிக் சாக்குல இருந்தது, அதுல இப்பம் கருப்புப் புள்ளி வேற. அந்த ஓலையைத் தூரப் போடணுமா?

இன்னொண்ணு. எதுத்த வீட்டுக்கு கிறிஸ்துமஸ் ஸ்டார் ஒண்ணு செஞ்சு கொடுக்கணும். பிள்ளைங்களை வச்சே செய்யுத மாதிரி வழி இருந்தா சொல்லுங்க.

தேரிமணல்:
தம்பி, முதல்ல ஓலையைப் பத்திப் பேசிருவோம். பாதிக் கோளாறு அங்கனதான் இருக்கு.

பெட்டிக்கு விரியாத குருத்தோலைதான் வேணும். விரிஞ்ச சாரோலை கடகப்பெட்டிக்கும் கூரைக்கும் ஆகும், ஒரு செ.மீ. கீத்துல மடக்கினா ஒடியத்தான் செய்யும். ஒரு குருத்துல நடுவுல இருக்க நீளமான இலைகளை மட்டும் எடுங்க, ஓரத்துல உள்ளது குட்டையா, நுனி கூம்பி இருக்கும். ஈர்க்கை உருவி எடுத்தா ஒரு இலைக்கு ரெண்டு பாதி. கழிவு போக ஒரு குருத்துக்கு ரெண்டு பெட்டி தேறும்னு வச்சுக்கிடுங்க. 25 பெட்டிக்கு 13 குருத்து கணக்கு வருது, 15 வாங்குங்க. ஒரே மரத்துல அடுத்தடுத்து குருத்தை உருவச் சொல்லாதீங்க. பனை மாசத்துக்கு ஏறக்குறைய ஒரு ஓலைதான் விடும். தொடர்ந்து உருவினா மண்டை மெலிஞ்சு போகும். உடன்குடி, திருச்செந்தூர் பக்கம் ஓலை வெட்டுதவங்க இதைப் பாத்துத்தான் வெட்டுவாங்க. நீங்களும் ஒரு வார்த்தை சொல்லி வாங்குங்க.

காயப்போடுதது மூணு நாள் வெயில். ராத்திரி அப்படியே பனியில கிடந்தா நல்லது, பச்சை வாடை போய் வெளுக்கும். ஆனா நம்ம பக்கம் ஐப்பசி, கார்த்திகை முழுக்க வாடை மழை. தூத்தல்ல நனைஞ்ச ஓலையைச் சுருட்டி வச்சா மறுநாளே புழுங்கிரும். மழை நாள்ல வீட்டுக்குள்ள கொடி கட்டி, ஃபேன் காத்துல தொங்க விடுங்க. சாக்கு வேண்டாம். பிளாஸ்டிக்குக்குள்ள ஓலை வேர்க்கும், அதுலதான் பூசணம் பிடிச்சிருக்கு. பழைய வேட்டியில சுத்தி பரண்ல வைங்க.

புள்ளி விழுந்ததை தூரப் போட வேண்டாம். காஞ்ச துணியால துடைச்சு ஒரு நாள் வெயில் காட்டுங்க. துடைச்சதும் போச்சுன்னா மேலாப்புல உள்ள பூசணம். போகாம கறுப்பாவே நின்னா ஓலைக்குள்ள இறங்கிட்டு. அதைத் தின்பண்டம் வைக்குத பெட்டிக்கு எடுக்காதீங்க, பிள்ளைங்க கிலுக்கு (ஓலைக் கிலுகிலுப்பை) செஞ்சு பழகட்டும்.

ஈரக் கணக்கு இதுதான்: ஊறப்போடக் கூடாது. தண்ணியில முக்கி எடுத்து, உதறி, ஈரத்துணியில அரை மணி நேரம் சுத்தி வைங்க. ஊறின ஓலை அகலத்துல உப்பும். உப்பின அளவுக்கு நெருக்கி முடைஞ்சாலும் காஞ்சதும் சுருங்கிச் சந்து விடும். ராத்திரி பூரா ஊறினதுல உங்களுக்கு நடந்தது அதுதான். அடியை முடைஞ்சு முடிச்சதும் அப்படியே ஒரு ராத்திரி காயவிட்டு, காலையில ஒவ்வொரு கீத்தா நெருக்கிட்டு, ஓரத்தை மறுபடி நனைச்சு சுவரைத் தொடங்குங்க. இந்த ஒரு ராத்திரியை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் நிறைய பெட்டி சல்லடையாப் போகுது.

ஓலைக்காரி:
தேரிமணல் அண்ணாச்சி சொன்னதுக்கு மேல ஓலையைப் பத்திச் சொல்ல ஒண்ணும் இல்ல. சுவர் ஏன் விரியுதுன்னு நான் சொல்லுதேன்.

தம்பி, அடிக்கு முடைஞ்ச சதுரத்தைப் பாய்னு வச்சுக்கிடுங்க. நீங்க அந்தப் பாயோட ஓரத்தை அப்படியே மேல மடக்குதீங்க. ஓலைப்பெட்டிக்கு அது சரிப்படாது. பாயோட மூலை பெட்டியோட மூலை ஆகாது. பாயோட ஒவ்வொரு பக்கத்துக்கும் நடு எதுவோ, அதுதான் பெட்டியோட மூலை. அடி, பாய்க்குள்ள கோணலா வைர வடிவத்துல கிடக்கும். பாயோட நாலு மூலையும் சுவரோட நடுவுல மேல ஏறி நிக்கும்.

1 செ.மீ. அகலக் கீத்து 24 எடுங்க, நீளம் 45 செ.மீ. குறுக்க 12, நெடுக்க 12. நடுவுல ரெண்டுக்கு ரெண்டு வச்சு, ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு நாலு பக்கமும் வளத்துக்கிட்டே போங்க. 12 செ.மீ. சதுரம் வந்ததும் நாலு மூலையிலயும் துணிக் கிளிப் போடுங்க. இப்பம் ஒரு பக்கத்தைப் பாருங்க, 12 வால் நீட்டிக்கிட்டு இருக்கும். இடமிருந்து 6-வதையும் 7-வதையும் பிடிச்சு, ஒண்ணுக்கொண்ணு குறுக்க, கத்தரிக்கோல் மாதிரி போடுங்க. பாய்க்கு அடியில இருந்து வெளிய வருதது எதுவோ அது மேல ஏறணும். அந்தக் குறுக்கு விழுந்ததுமே மூலை தானா எழும்பும். பிறகு அதே பக்கத்து இடது ஆறும் வலது ஆறும் தங்களுக்குள்ளயே முடையும். நாலு பக்கமும் இப்படியே.

அடி ஒரு பக்கம் 8.5 செ.மீ. வரும். சுவரோட நடுவுல 4 செ.மீ. உயரம் ஏற்கெனவே முடைஞ்சே நிக்கும், மூலைப் பக்கம்தான் பள்ளமா இருக்கும். அதை நிரப்பிக்கிட்டே 7 செ.மீ. வரைக்கும் ஏத்துங்க. 8.5 செ.மீ. சதுரத்துல அட்டையில ஒரு அச்சு ஒட்டி உள்ள வச்சுக்கிட்டா சுவர் சாயாது. 7 செ.மீ.க்கு அட்டை மேலயே கோடு போட்டிருங்க. கால் கிலோ சில்லு தாராளமாப் பிடிக்கும்.

வாய் மடிக்குதது: கோட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு வாலையும் வெளிப்பக்கமா மடக்கினா, எதிர்த்திசையில இறங்குத கீத்தோட தடத்துலயே வந்து படுக்கும். அந்தத் தடத்துலயே மூணு கட்டம் உள்ள செருகி, மிச்சத்தைச் சாய்வா வெட்டுங்க. ரெண்டு கட்டத்தோட நிறுத்தினா காஞ்ச பிறகு வால் வெளிய எட்டிப் பாக்கும். செருக ஊசி வேண்டாம், ஒரு ஈர்க்கை நுனி சீவி வச்சுக்கிட்டு கட்டத்தைத் தூக்குங்க. மடக்கையில மட்டும் விரலை நனைச்சுக்கிடணும்.

கீத்து ஒரே அகலமா இருக்கணும், அதுதான் உயிர். ஒரு மரக்கட்டையில ரெண்டு பிளேடை சரியா 1 செ.மீ. தள்ளிப் பதிச்சு, ஓலையை அதுல இழுங்க. கத்தரிக்கோலால வெட்டுத வேலையே வேண்டாம். பிளேடு பக்கம் பிள்ளைங்களை விடாதீங்க.

தாழையூத்தான்:
அக்கா, அந்தக் கத்தரிக் குறுக்கு போட்டதும் மூலை எழும்பிட்டு! ரொம்ப நன்றி. சாயம் மட்டும் பாக்கி. மஞ்சள்தூள்ல முக்கினா போதும்னு இங்க ஒருத்தர் சொல்லுதாங்க. மூடிக்கு எத்தனை கீத்து?

வண்ணான்துறை:
மஞ்சள் வேண்டாம். முதல் நாள் பளிச்சுன்னு இருக்கும், வெயில் பட்டா ஒரு வாரத்துல வெளுக்கும். சுண்ணாம்பு, சோப்பு பட்ட கை பட்டா அந்த இடம் சிவக்கும்.

கொதிதண்ணியில போடுத சாயம் வாங்குங்க. ஓலை மேல மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கு. அதனால முதல்ல வெறும் வெந்நீர்ல பத்து நிமிஷம் போட்டு எடுங்க. 100 கீத்துக்கு 3 லிட்டர் தண்ணி, ஒரு டீஸ்பூன் சாயம், ஒரு கைப்பிடி கல்லுப்பு. கொதி வந்த பிறகு ஓலையைப் போட்டு 20 நிமிஷம், நடுநடுவுல புரட்டிக்கிட்டே இருக்கணும். ஓலை மிதக்கும், மேல ஒரு தட்டைக் கவுத்தி அமுக்கி வைங்க. அந்தப் பாத்திரத்தைத் திரும்ப அடுக்களைக்குக் கொண்டு போகக் கூடாது.

உங்களுக்கு ரோஸ் இறங்கினதுக்குக் காரணம் அலசாததுதான். ஒட்டாத சாயம் கீத்து மேல தூளா நிக்கும், முடைய நனைக்கையில கரைஞ்சு பக்கத்துல ஊறும். தண்ணி தெளிஞ்சு வர்ற வரைக்கும் அலசி, நிழல்ல காயப்போடுங்க. பிறகு ஒரு கீத்தை நனைச்சு வெள்ளைத் துணியில அழுத்திப் பாருங்க. கறை பட்டா மறுபடி அலசல். நனைச்சு வைக்கையில சாயக்கீத்தையும் வெள்ளைக்கீத்தையும் ஒரே துணியில சுத்தாதீங்க.

என் அபிப்பிராயம்: தின்பண்டப் பெட்டிக்கு உடம்பை வெள்ளையாவே விட்டுட்டு மூடிக்கு மட்டும் சாயம் போடுங்க. எப்படியும் உள்ள வாழைச்சருகோ பட்டர் பேப்பரோ விரிச்சுத்தான் கருப்பட்டி வைக்கணும். கருப்பட்டி ஈரத்தை இழுத்துக் கசியும், கசிஞ்சா ஓலையில கறை விழும். அதனால கருப்பட்டியைக் கொடுக்குததுக்கு முந்தின நாள் வச்சாப் போதும்.

பாளை மேட்டுத்திடல்:
ஸ்டாருக்கு நான் சொல்லுதேன். மூங்கில் சிம்பு 60 செ.மீ.ல 10. எல்லாம் ஒரே நீளம், ஒரே கனம். ஒவ்வொண்ணுலயும் ரெண்டு முனையில இருந்தும் 23 செ.மீ.ல பென்சில் கோடு போடுங்க. அஞ்சு சிம்பை நட்சத்திரமா அடுக்கினா, சிம்பும் சிம்பும் வெட்டுத இடம் அந்தக் கோட்டுலதான் விழணும். கோடும் கோடும் சேந்தா அஞ்சு காலும் ஒரே அளவு. பிள்ளைங்க கண்ணளவுல கட்டினா ஒரு கால் நீண்டு ஒரு கால் குட்டையாத்தான் வரும். முனை அஞ்சு, உள்வெட்டு அஞ்சு, பத்து கட்டு. இதே மாதிரி இன்னொண்ணு.

ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு முனைகளை மட்டும் சேத்துக் கட்டிட்டு, உள்வெட்டு அஞ்சுலயும் 10 செ.மீ. குச்சியை நெம்பி நிறுத்துங்க. வயிறு உப்பி வரும். காகிதத்தை ஒரேயடியா ஒட்டாம ஒவ்வொரு முக்கோணமா வெட்டி மைதாப் பசையில ஒட்டுங்க. பசை தண்ணியா இருந்தா காகிதம் தொய்ஞ்சு போகும். பசையில ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டா பூச்சி அரிக்காதுதான், ஆனா அது விஷம். பிள்ளைங்க கை வைக்குத வேலைக்கு அது வேண்டாம். ஒரு பக்கம் ஒரு முக்கோணத்தை மட்டும் ஒட்டாம விடுங்க, பல்பு மாட்ட. 5 வாட் எல்.இ.டி. போதும், பழைய குண்டு பல்பு சூட்டுல காகிதம் கருகும். மொட்டைமாடியில தொங்க விடுததா இருந்தா காகிதத்துக்குப் பதில் கலர் பிளாஸ்டிக் தாள். மார்கழிப் பனியே காகிதத்தைத் தொய்ய வச்சிரும்.

பத்தமடைக்காரன்:
இடையில ஒரு யோசனை. 25 முடிக்க முடியலேன்னா பத்து வீட்டுக்குப் பெட்டி, மிச்சத்துக்குக் கோரைப்பாய் துண்டுல மூக்குக்கண்ணாடி உறை தச்சிருங்க. ஒண்ணே ஒண்ணு கவனிக்கணும்: பாயை முதல்ல வெட்டிட்டுத் தைக்கக் கூடாது. பாவு நூலை வெட்டினதும் கோரை ஒவ்வொண்ணா உதிரும். வெட்டப்போற கோட்டுக்கு ரெண்டு பக்கமும் மெஷின்ல ஒவ்வொரு வரி ஓட்டிட்டு, நடுவுல வெட்டி, ஓரத்துக்குத் துணிப்பட்டி வைங்க. தையல் நெருக்கமா விழுந்தா கோரை கிழியும், பெரிய தையலா வைங்க.

ஓலைக்காரி:
மூடி கேட்டீங்கள்லா. அதுக்கும் 24 கீத்துதான், நீளம் 30 செ.மீ. போதும், சுவர் 2.5 செ.மீ. அதே 1 செ.மீ. கீத்தை அதே நெருக்கத்துல முடைஞ்சா மூடி பெட்டி மேல ஏறாது, வாய் மடிப்போட கனம் இடிக்கும். கீத்து அகலத்தை அரை மில்லி கூட்டுங்க, பிளேடுக்கு நடுவுல ஒரு தடிச்ச அட்டையைச் செருகினா வந்திரும். 12 கீத்துக்கு அந்த அரை மில்லி சேந்து மூடி 4 மில்லி பெருக்கும், அது சரியா உக்காரும். ஒரு மில்லி கூட்டினா கழண்டு விழும். பெட்டி நல்லாக் காஞ்ச பிறகுதான் மூடிக்கு அளவு எடுக்கணும். அச்சட்டையைச் சுத்தி, அந்த 4 மில்லி பெருக்குத வரைக்கும் காகிதம் ஒட்டி, அதையே மூடிக்கும் வச்சுக்கிடலாம். 25 உடம்பையும் முதல்ல முடிச்சிருங்க, மூடியை மார்கழி கடைசியில வச்சுக்கிடலாம்.