புதுப்பிப்பு: முடக்குவாதத்தோடு யோகா

முடக்குவாதத்தால் மணிக்கட்டில் பாரம் தாங்கவில்லை, சூரிய நமஸ்காரத்தை விட்டுவிடலாமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். விடவில்லை, நாற்காலிக்கு மாற்றிக்கொண்டேன். உட்கார்ந்தபடியே கையைத் தூக்குவது, முன்னால் குனிவது. உள்ளங்கைக்குப் பதில் முன்கைகளை மேசைமேல் வைப்பது. பார்க்கச் சப்பென்று இருக்கும், ஆனால் மறுநாள் மூட்டு வீங்குவதில்லை.

நேரம்தான் பெரிய மாற்றம். காலையில் விரல்கள் மடங்காத இறுக்கம், அதனால் பயிற்சி மாலைக்குப் போய்விட்டது. வாரம் ஒருமுறை இந்த நோய்க்கான மெத்தோட்ரெக்ஸேட் மருந்து போட்டதற்கு மறுநாள் உடம்பு அடித்துப்போட்டதுபோல இருக்கும். அன்று கெண்டைக்கால்களை நாற்காலிமேல் வைத்துப் படுத்து, மூச்சை நிதானமாக நீட்டி விடுவதோடு சரி.

தலையில் நிற்கும் சிரசாசனம், தோளில் நிற்கும் சர்வாங்காசனம் இரண்டும் வேண்டாம் என்றார் மருத்துவர்: இந்த நோய் கழுத்துப் பகுதி முதுகெலும்பின் மூட்டுகளையும் தளர்த்தக்கூடும். "யோகா செய்தால் மாத்திரையே வேண்டாம்" என்று எழுதியவர்களுக்கு: மாத்திரை தொடர்கிறது.

ஆளுக்கேற்ப ஆசனத்தை மாற்றுவது ஏமாற்று வேலையா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். சென்னையில் 1976-இல் யோகா ஆசிரியர் தேசிகாச்சார் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் என்ற யோகா பள்ளியின் பாணியே அதுதான்.