எஸ்பிசி சார்ட்டில் எல்லாம் சரி, பீஸ் மட்டும் ரிஜெக்ட்: எங்கே கோளாறு?

சிஎன்சி_பீளமேடு:
45 பேர் வேலை செய்யும் டர்னிங் ஷாப். பம்ப் ஷாஃப்ட், விட்டம் 25 மி.மீ., டாலரன்ஸ் (அனுமதித்த ஏற்ற இறக்கம்) ±0.015. 5எஸ் (பணியிட ஒழுங்கு முறை) போர்டு, மஞ்சள் கோடு எல்லாம் போட்டாச்சு; ரிஜெக்‌ஷன் 4 சதவீதத்திலேயே நிற்கிறது. கஸ்டமர் கேட்டதால் எஸ்பிசி சார்ட் (அளவுகளைப் புள்ளியாகக் குறித்து, தயாரிப்பு கட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் படம்) எழுதுகிறோம். புள்ளி ஒன்றுகூட கோட்டைத் தாண்டவில்லை. அப்புறம் எப்படி ரிஜெக்ட் வருகிறது?

கேஜ்காரர்:
எதை வைத்து அளக்கிறீர்கள்? மொத்த டாலரன்ஸ் 0.030. அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.003 மாறினாலும் கருவி காட்ட வேண்டும். 0.01 லீஸ்ட் கவுண்ட் (கருவி காட்டும் மிகச் சிறிய அளவு) மைக்ரோமீட்டர் என்றால் சார்ட் வெறும் கோலம். 0.001 டயல் வைத்த ஸ்நாப் கேஜ் அல்லது ஏர் கேஜ் வேண்டும். பிறகு கேஜ் ஆர் அண்ட் ஆர் (அளப்பதிலேயே எவ்வளவு பிழை என்று பார்க்கும் சோதனை): 10 பீஸ், 3 ஆபரேட்டர், ஆளுக்கு 3 தடவை, எந்த பீஸ் என்று அவர்களுக்குத் தெரியாமல். அந்தப் பிழை 10 சதவீதத்துக்குள் வந்தால் நல்லது. 30ஐத் தாண்டினால் அந்த கேஜை ஓரம் வையுங்கள். சூட்டோடு அளப்பதும் கூடாது. இந்த விட்டத்தில் 10 டிகிரிக்கே சுமார் 0.003 பெருத்துவிடும்.

சிக்மா_சார்:
சார்ட்டில் டிராயிங் லிமிட்டையே (டாலரன்ஸ் எல்லையையே) கோடாகப் போட்டிருப்பீர்கள், பாதிப் பேர் செய்யும் தப்பு. ஐந்தைந்து பீஸாக 25 செட் எடுத்து, மொத்த சராசரிக்கு மேலும் கீழும் 0.577 × சராசரி ரேஞ்ச் (ஒரு செட்டில் பெரிய அளவுக்கும் சிறிய அளவுக்கும் உள்ள வித்தியாசம்) தூரத்தில் கோடு. ரேஞ்ச் 0.008 என்றால் கோடு ±0.0046-லேயே விழும். ரேஞ்சை 2.326-ஆல் வகுத்தால் சிக்மா, அதாவது அளவுகளின் சிதறல். அப்போது சிபி (மொத்த டாலரன்ஸ் ÷ 6 சிக்மா) 1.45, தாராளம். ரேஞ்ச் 0.012 என்றால் சிபி 0.97தான், 1-க்குக் கீழே, பற்றாது. ஆபரேட்டரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. பீஸைப் பிடிக்கும் காலெட், டெயில்ஸ்டாக், வெட்டும் இன்சர்ட்டைப் பாருங்கள். பீஸுக்குப் பீஸ் ஆஃப்செட் (மெஷினில் டூல் அளவுத் திருத்தம்) திருப்புகிற பழக்கம் இருந்தால் அதுவே ரேஞ்சை ஏற்றும்.

ஷாப்ஃப்ளோர்:
பீஸ் ரேட்டா? ரிஜெக்‌ஷனுக்குக் கூலி பிடித்தால் ஷிஃப்ட் முடிவில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பிய சார்ட்தான் கிடைக்கும். ஒரே கையெழுத்து, ஒரே மை: பார்த்தாலே தெரியும். பிடித்தத்தை முதலில் நிறுத்துங்கள். பீகார், ஒடிசா ஆட்கள் இருந்தால் வழிமுறையை இந்தியிலும் ஒட்டுங்கள். 1998-ல் சுந்தரம் கிளேட்டன் பிரேக்ஸ் பிரிவு டெமிங் பரிசு (தர நிர்வாகத்துக்கான ஜப்பானிய விருது) வாங்கியதைப் பார்த்துப் பலர் காப்பி அடித்தது சுவரில் தொங்கிய போர்டை மட்டும். நீங்கள் ஒரே ஒரு மெஷினில் தொடங்குங்கள்.

சிஎன்சி_பீளமேடு:
டிராயிங் லிமிட்தான் போட்டிருக்கிறோம். மைக்ரோமீட்டரும் 0.01தான். பிடித்தமும் உண்டு.

சிக்மா_சார்:
அப்போ பழைய சார்ட்டைக் கடலை மடிக்கக் கொடுத்துவிடுங்கள். கேஜ் வந்த பிறகு 25 செட் புதிதாக.